உட்காரும் உரிமைக்கு அப்பால்: தையல் மேசையின் அளவுகளும் உற்பத்திக் கணக்கும்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றபடி வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதே அதன் சாரம். கேரளம் 2018இலேயே இத்தகைய திருத்தத்தைச் செய்திருந்தது. பின்னர் 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு எழவே, அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டு செய்திகளையும் ஒட்டி நடந்த விவாதங்களில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. தொழிலாளிக்கு வசதி கூடினால் உற்பத்தி குறையும் என்பது ஒன்று. நல்ல நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டால் உடல்வலிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே ஆய்வுக்கு நிற்காதவை. வேலை செய்யும் இடத்தின் அமைப்பு எப்படி உடலையும் உற்பத்தியையும் ஒருசேரப் பாதிக்கிறது என்பதைத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் தையல் கூடத்தை எடுத்துக்காட்டாக வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

## சட்டம் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது

2021ஆம் ஆண்டுத் திருத்தம் கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் உரியது. தொழிற்சாலைகளுக்கு அது பொருந்தாது. ஆனால் தொழிற்சாலைகளுக்கு இத்தகைய விதி புதிதும் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டியவர்கள் இடையிடையே ஓய்வெடுக்க ஏற்ற இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று கூறியது. ஒரு வேலையை உட்கார்ந்தே திறம்படச் செய்ய முடியும் என்று தலைமை ஆய்வாளர் கருதினால், அதற்கான இருக்கைகளை ஏற்பாடு செய்யும்படி அவர் எழுத்துமூலம் உத்தரவிடவும் அதே பிரிவு இடம் தந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டமும் நின்று வேலை செய்வோருக்கான இருக்கையைப் பற்றித்தான் பேசுகிறது.

ஆகவே சட்டத்தின் பார்வையில் பிரச்சினை என்பது நிற்பது; தீர்வு என்பது இருக்கை. செக்கிங், கட்டிங், அயர்னிங் பிரிவுகளில் நிற்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் பனியன் கம்பெனியில் மிகப் பெரிய பிரிவான தையலில் இருப்பவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம், ஆர்டர் நெருக்கும் நாள்களில் அதற்கும் மேல், ஒரே கோணத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுடைய சிக்கல். அந்த இருக்கை என்ன உயரத்தில் இருக்க வேண்டும், மேசைக்கும் முழங்கைக்கும் என்ன உறவு இருக்க வேண்டும் என்பவற்றைப் பற்றி 44ஆம் பிரிவு எதுவும் சொன்னதில்லை. சட்டத்தை அப்படியே பின்பற்றும் தொழிற்சாலையிலும் கழுத்துவலி இருப்பதற்குக் காரணம் இதுவே.

## அசையாத தசை ஏன் களைக்கிறது

எடையைத் தூக்கினால் களைப்பு வரும் என்பது எவருக்கும் தெரியும். எதையும் தூக்காமல் உட்கார்ந்திருப்பவருக்குத் தோள் ஏன் கடுக்கிறது என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை.

தசை சுருங்கும்போது அதனுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. சுருங்கித் தளர்ந்து, மீண்டும் சுருங்கி இயங்கும் தசை ஒவ்வொரு தளர்ச்சியின்போதும் புதிய இரத்தத்தைப் பெற்றுக்கொள்கிறது. ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தசை தன் முழு வலுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் இறுகி நின்றால் இரத்த ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. 15 முதல் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் ஓட்டம் இயல்பாக இருக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இதிலிருந்து, தலையைச் சற்றே குனிந்து வைத்திருப்பது போன்ற மிகக் குறைந்த பளு பாதிப்பில்லாதது என்று ஒருவர் முடிவுகட்டக்கூடும். அது தவறு. குறைந்த பளுவுக்கு உடல் எப்போதும் ஒரே சிறு தொகுதித் தசை இழைகளையே முதலில் அழைக்கிறது. தசை முழுவதுமாகத் தளரும்வரை அவற்றுக்கு விடுதலை இல்லை. மொத்தத் தசை சிறிதளவே உழைத்தாலும், அந்தக் குறிப்பிட்ட இழைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கின்றன. தையல்காரர்களின் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள வலிக்கு இன்றைய ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம் இது.

எனவே இங்கே வசதி என்று சொல்வது சொகுசை அன்று. தசை அடிக்கடி தளர இடம் கொடுக்கும் அமைப்பே வசதி.

## வலியும் வீணாகும் நேரமும்

உடலுக்கு ஏற்ற உயரத்தில் வேலையை வைத்தால் உற்பத்தி கூடும் என்பதைத் தொழிலாளர் நல இயக்கங்களுக்கு முன்பே தொழில் முதலாளிகள் கண்டுகொண்டிருந்தார்கள் என்பது சற்று வியப்பான செய்தி. அமெரிக்காவில் கட்டட ஒப்பந்தக்காரராக இருந்த பிராங்க் கில்பிரெத், கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லுக்காகவும் தன் உடம்பின் மேற்பாதி முழுவதையும் தரைவரை இறக்கி ஏற்றுவதைக் கவனித்தார். கல்லும் சாந்தும் இடுப்பு உயரத்திலேயே கைக்குக் கிடைக்கும்படி, சுவர் உயர உயர ஏற்றிக்கொள்ளக்கூடிய சாரத்தை அமைத்தார். ஒரு கல் வைக்க 18 அசைவுகள் என்பது 5 ஆகக் குறைந்தது. மணிக்கு 120 கல் என்ற வேகம் 350 ஆனது என்று தொழில் மேலாண்மை முன்னோடியான பிரெடெரிக் டெய்லர் 1911இல் பதிவு செய்திருக்கிறார்.

ஃபோர்டு கார்த் தொழிற்சாலை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஹைலண்ட் பார்க் ஆலையில் காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட, அது ஓரிடத்தில் நின்றபோது சராசரியாக 12 மணி 28 நிமிடம் ஆனது. 1913இல் அதை நகரும் வரிசையாக்கியபோது 5 மணி 50 நிமிடமாகக் குறைந்தது. 1914இன் தொடக்கத்தில் அந்த வரிசையைத் தரையிலிருந்து இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள். அதுவும் ஒரே உயரத்தில் அன்று: உயரமான குழுவினருக்கு ஏறத்தாழ 68 செ.மீ., குட்டையான குழுவினருக்கு 62 செ.மீ. என இரண்டு வரிசைகள். வேலையை மேலும் நுணுக்கமாகப் பிரித்ததும் சேர, நேரம் 1 மணி 33 நிமிடமாக இறங்கியது.

இதே ஆலையில்தான் 1913இல் ஆள்மாற்றம் ஆண்டுக்கு 370 விழுக்காடு அளவுக்கு இருந்தது. அதாவது ஓர் இடத்தை நிரப்பி வைத்திருக்க ஆண்டில் மூன்று, நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்ற அறிவிப்பு வந்ததன் பின்னணி அது. முதுகு குனியாத உயரம் கிடைத்த தொழிலாளிக்கு, ஒரே அசைவை நாளெல்லாம் செய்யும் சலிப்பும் வேக நெருக்கடியும் கூடவே கிடைத்தன. இதைப் பின்னர் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

## தையல் மேசையை அளந்து பார்த்தால்

ஒரு தையல் கூடத்தில் அமைப்பு சரியில்லை என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. தொழிலாளர்கள் தாங்களாகவே செய்துகொண்ட மாற்றங்களைப் பார்த்தால் போதும். கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்துத் தைத்த மெத்தை ஸ்டூலின் மேல் இருக்கும். ஒருவர் கால் ஊன்ற அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டிருப்பார்; இன்னொருவர் செங்கல்லை வைத்திருப்பார். மேசை விளிம்பில் முன்கை அழுந்தும் இடத்தில் துணி சுற்றியிருக்கும். கூடத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று மேற்பார்வையாளர்கள் முதலில் அகற்றுவது இவற்றைத்தான். உண்மையில் இவை ஒவ்வொன்றும் ஓர் அளவெடுப்பு. மெத்தை கெட்டியாக, ஒரே சீரான தடிப்பில் இருந்தால் இருக்கை தாழ்வு என்று பொருள். மெலிதாக இருந்தால் இருக்கை உயரம் சரிதான், பலகைதான் கடினம். கால் அட்டை இருந்தால் இருக்கை அவருக்கு உயரம், அல்லது பெடல் தொலைவு. விளிம்பில் துணி இருந்தால் மேசையின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, கையைத் தாங்க வேறு இடம் இல்லை. அவற்றை அகற்றுவதற்கு முன்பு குறித்துக்கொள்ளும் தொழிற்சாலைக்குப் பாதி ஆய்வு இலவசமாக முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதியை வரிசையாகப் பார்க்கலாம்.

1. மேசை உயரம். வேலை செய்யும் பரப்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது முழங்கை. பொதுவான கைவேலைக்கு முழங்கையைவிடச் சற்றுத் தாழ்வாகவும், கண் ஊன்றிப் பார்க்க வேண்டிய நுண்ணிய வேலைக்குச் சற்று உயர்வாகவும் பரப்பு அமைய வேண்டும். தையலில் இந்த இரண்டு தேவைகளும் மோதுகின்றன. கை தாழ்ந்த மேசையைக் கேட்கிறது. ஊசிமுனையைப் பார்க்க வேண்டிய கண் உயர்ந்த மேசையைக் கேட்கிறது. மேசை தாழ்ந்தால் கழுத்து வளைகிறது, உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. இந்த மோதலைத் தீர்க்க மேசையைத் தொழிலாளியின் பக்கமாகச் சற்றே சாய்ப்பதும், முழங்கையைவிடச் சிறிது உயர்த்தி முன்கையைத் தாங்க இடம் தருவதும் நல்லது என்று நெதர்லாந்தில் தையல்காரர்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டின. மேசைச் சட்டத்தின் கால்களில் உள்ள நட்டுகளைத் தளர்த்தி உயரத்தை மாற்றும் வசதி பெரும்பாலான பவர் டேபிள்களில் ஏற்கெனவே உண்டு. மெஷின் வந்திறங்கிய நாளில் அதைப் பொருத்திய மெக்கானிக் (பிட்டர்) வைத்த உயரமே ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது என்பதுதான் நடைமுறை.

2. பெடல். தையல்காரர் ஊசிக்கு நேராக உட்கார வேண்டும். பெடலும் அவருடைய காலுக்கு நேராக வர வேண்டும். பெடல் ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் இடுப்பு ஒரு திசையிலும் தோள் இன்னொரு திசையிலும் திரும்புகின்றன. நாற்காலி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த முறுக்கை அது நேராக்காது. பெடல் மிகவும் உள்ளே தள்ளியிருந்தால், அதை எட்டுவதற்காகவே தொழிலாளி இருக்கையின் முன்விளிம்புக்கு வருகிறார்; அப்போது முதுகுச் சாய்மானம் இருந்தும் இல்லாததாகிறது. புதிய நாற்காலி வாங்கிய பல இடங்களில் யாருமே சாய்ந்து உட்காராததற்குக் காரணம் தேடுபவர்கள் முதலில் பெடலைப் பார்க்க வேண்டும்.

3. நாற்காலி. உயரத்தை மாற்ற முடிய வேண்டும், இடுப்புக்குத் தாங்கல் வேண்டும், முன்விளிம்பு தொடையை அழுத்தக் கூடாது. தையல்காரர் முன்னோக்கிச் சாய்ந்தே வேலை செய்வதால், அலுவலக நாற்காலியைப் போலப் பின்னோக்கிச் சாயும் இருக்கை இங்கே பயன்படாது. சக்கரமும் வேண்டாம், பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலி பின்னே நழுவும்.

4. கைக்கெட்டும் தூரம். உற்பத்திக்கு நேரடித் தொடர்புடையது இதுவே. மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல்கள் போடும் என்றாலும், ஒரு தையல்காரரின் நேரத்தில் ஊசி ஓடுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என்று ஆடைத்துறைப் பொறியாளர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். மீதி நேரம் பீஸை எடுப்பதிலும், இரண்டு ஓரங்களைச் சேர்ப்பதிலும், திருப்புவதிலும், நூல் வெட்டி ஒதுக்கி வைப்பதிலும் போகிறது. இன்னும் வேகமான மெஷின் வாங்குவதால் கிடைக்கும் லாபம் அந்தக் கால் பங்குக்குள் அடங்கிவிடும். கையசைவைக் குறைத்தால் கிடைக்கும் லாபம் முக்கால் பங்கிலிருந்து வருகிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை மட்டும் சுழற்றினால் எட்டும் இடம் இயல்பான எல்லை. தோளிலிருந்து கையை நீட்டினால் எட்டுவது கடைசி எல்லை. தைக்க வேண்டிய துண்டுகளின் கட்டான பண்டல், இயல்பான எல்லைக்குள் இருக்க வேண்டும்; தரையில் கிடக்கும் கூடையிலிருந்து குனிந்து எடுக்கும்படி இருந்தால் முதுகும் நேரமும் ஒன்றாகவே வீணாகின்றன.

இதை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஒரு பீஸுக்கு 30 விநாடி ஆகும் வேலையில் மணிக்கு 120 பீஸ் முடியும். பண்டலைத் தரையிலிருந்து மேசையை ஒட்டிய சாய்வுத் தட்டுக்கு மாற்றியதால் 2 விநாடி மிச்சமானது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 128 பீஸ் வரும். எட்டு மணி நேரத்தில் 960 என்பது 1,028 ஆகும். கூடவே, ஒரு நாளைக்கு 960 முறை பக்கவாட்டில் குனிந்து நிமிர்ந்த முதுகு அதைச் செய்வதில்லை. இரண்டு பலன்களுக்கும் காரணம் ஒரே தட்டுதான். வேலைக்கான நேரத்தை நிர்ணயிக்கும் வேலை ஆய்வு முறையிலேயே, குனிந்தும் திரும்பியும் செய்யும் வேலைகளுக்குக் களைப்புச் சலுகை நேரம் தனியாகச் சேர்க்கப்படுவதுண்டு. கெட்ட அமைப்புக்கான செலவு காகிதத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது; அதைத் தனியே பிரித்துப் பார்ப்பவர்தான் குறைவு.

## சராசரி உயரத்துக்குச் செய்த மேசை

நின்று செய்யும் செக்கிங், பேக்கிங் வேலைகளில் பொதுவாகச் செய்யப்படும் பிழை, எல்லோருக்கும் நடுவான ஓர் உயரத்தில் மேசையைச் செய்துவிடுவது. நிற்கும்போது முழங்கை, ஒருவருடைய மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காட்டு உயரத்தில் இருக்கிறது. 148 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 93 செ.மீ.; 172 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு 108 செ.மீ. முழங்கைக்கு 10 செ.மீ. கீழே பரப்பு இருக்க வேண்டும் என்றால், ஒருவருக்கு 83, மற்றவருக்கு 98. நடுவில் 90 செ.மீ. என்று வைத்தால் ஒருவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டும் மற்றவர் முதுகை வளைத்துக்கொண்டும் வேலை செய்வார்கள். இருவருக்குமே அது பொருந்தாது.

வடிவமைப்பாளர்கள் இதற்குப் பின்பற்றும் வழி வேறு. எட்ட வேண்டியவற்றை மிகச் சிறிய உடலுக்கும், இடம் விட வேண்டியவற்றை மிகப் பெரிய உடலுக்கும் கணக்கிடுவார்கள். உயரத்தை மாற்றும்படி செய்வார்கள். அது முடியாத இடத்தில் மேசையை உயரமானவருக்கு ஏற்பச் செய்து, மற்றவர்கள் ஏறி நிற்கப் பலகை தருவார்கள். இந்தியர்களின் உடல் அளவுகளை அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகம் 1997இல் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டு அளவில் செய்த மேசையை இறக்கி வைத்துவிட்டு இங்குள்ளவர்களுக்கு உயரம் போதவில்லை என்று சொல்வதற்கு இனி நியாயம் இல்லை.

## துணி ரோலைத் தூக்கும் இடம்

எடை தூக்கும் வேலையை மதிப்பிட அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த சமன்பாடு இன்று பரவலாகப் பயன்படுகிறது. எல்லாம் மிகச் சாதகமாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்பதே அதன் தொடக்கம். பொருள் உடலைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது, எவ்வளவு தூரம் ஏற வேண்டும், உடல் எவ்வளவு திரும்புகிறது, எத்தனை முறை, பிடி எப்படி என்ற ஆறு காரணிகள் அந்த 23ஐக் குறைத்துக்கொண்டே வரும்.

தரையை ஒட்டி 15 செ.மீ. உயரத்தில் கிடக்கும் துணி ரோலை, உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்து, 45 பாகை திரும்பி, 75 செ.மீ. உயர மேசைமேல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டு மணி நேரம் ஒருவர் வைக்கிறார் என்று கொள்வோம். சுமாரான பிடியோடு இந்த எண்களைச் சமன்பாட்டில் இட்டால் பரிந்துரைக்கப்படும் எடை 5.8 கிலோ மட்டுமே. அதே ரோலை 75 செ.மீ. உயரத் தாங்கியில் வைத்து, 30 செ.மீ. தூரத்தில், நேராக நின்று, அதே இடைவெளியில் எடுத்தால் 16.3 கிலோ. ஆளும் ரோலும் மாறவில்லை, வைத்த இடம் மட்டுமே மாறியது. மற்ற எந்த ஒரு மாற்றத்தையும்விட, விலக்கத்தை 50இலிருந்து 30 ஆகக் குறைப்பதே கூடுதல் பங்கைத் தருகிறது. எனவே தள்ளுவண்டியும் தாங்கியும் வாங்கப் பணமில்லாத இடத்தில்கூட, ரோலை அண்டி நிற்கத் தடையாக இருக்கும் பெட்டிகளை விலக்குவதிலிருந்து தொடங்கலாம்.

## வெளிச்சமும் வெப்பமும்

தையலுக்கு ஐரோப்பியத் தரநிலை 750 லக்ஸ் (பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் கேட்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தைக்கும்போது வெளிச்சம் போதாவிட்டால், தையல்காரர் தலையைத் துணியருகே கொண்டுபோகிறார். கழுத்துவலிக்கு மருந்து சில நேரங்களில் ஊசிக்கருகே பொருத்தும் ஒரு சிறு விளக்குதான்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. இந்தியத் தொழிற்சாலைகளின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் உற்பத்தி ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவதாகக் கண்டது. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஃபுளோரசன்ட் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினார்கள். எல்.இ.டி. மிகக் குறைந்த வெப்பத்தையே வெளியிடுவதால், வெயில் நாள்களில் தையல் வரிசைகளின் செயல்திறன் உயர்ந்தது. மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் போட்ட பணம் திரும்ப மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். உற்பத்தி லாபத்தையும் சேர்த்தால் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிர்வாகம் இந்த இரண்டாவது கணக்கை எதிர்பார்த்து விளக்கை மாற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

## நாற்காலியின் பலன் யாருக்குப் போகிறது

நாற்காலியால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கழுத்து, தோள்வலியுள்ள 277 தையல்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நான்கு மாதம் கவனித்த ஆய்வு 2007இல் வெளியானது. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி பெற்றவர்களுக்கு, வேறு சிறு துணைப்பொருள்கள் மட்டும் பெற்றவர்களைவிட வலி அதிகமாகக் குறைந்தது. வளைந்த இருக்கை அமைப்புள்ள நாற்காலி கூடுதல் பலன் தந்தது.

ஆனால் அமைப்பு மேம்பட்டதும் அடுத்து நடப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் மணிக்கு 120 பீஸ் 128 ஆனதும், தொழிலகப் பொறியாளர் புதிய நேரத்தை அளந்து இலக்கை 128 என்று மாற்றுகிறார். தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் முறையாக இருந்தால், அடுத்த ஸ்டைலுக்கு (ஆடை வடிவத்துக்கு) ரேட் பேசும்போது அந்த 2 விநாடி கழிக்கப்படுகிறது. முதுகின் பளு குறைந்தது உண்மை. ஆனால் விரலும் மணிக்கட்டும் நாளுக்கு 68 பீஸ் கூடுதலாகத் தைக்கின்றன. வலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குடிபெயர்கிறது. ஃபோர்டு ஆலையில் வரிசையை உயர்த்தியபோது நடந்ததும் இதே வகைதான். நாற்காலி மாற்றியும் விடுப்பும் ஆள் நிற்காமையும் குறையவில்லை என்று கூறும் நிர்வாகங்கள், மிச்சமான நேரத்தில் எவ்வளவைத் தாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம் என்பதையும் கணக்கிட வேண்டும். மிச்ச நேரத்தில் ஒரு பகுதியை இலக்கில் ஏற்றாமல் விடுவதே முதலீட்டைக் காப்பாற்றும் வழி. புதிதாக வரும் ஒரு தையல்காரர் முழு வேகத்தை எட்டும்வரை வீணாகும் உற்பத்தியோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

ஓய்வைப் பற்றிய பயமும் இதே கணக்குப் பிழையைச் சேர்ந்தது. அமெரிக்க இறைச்சி பதப்படுத்தும் ஆலையொன்றில் வழக்கமான இடைவேளைகளுக்கு மேல் நாளொன்றுக்கு 36 நிமிடம் ஓய்வு கூட்டிப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. ஒரு முறையில் மூன்று நிமிடமாகப் பன்னிரண்டு தடவை, மற்றொரு முறையில் ஒன்பது நிமிடமாக நான்கு தடவை. இரண்டிலும் உற்பத்தி குறையவில்லை. தொழிலாளர்கள் ஒன்பது நிமிட முறையையே விரும்பினார்கள்.

வேலையை மாற்றிக் கொடுப்பதும் தசைக்கு ஓய்வே. ஆனால் ஆடைக்குக் கை வைத்துத் தைக்கும் ஆபரேஷனிலிருந்து (வேலைக் கட்டத்திலிருந்து) பக்கவாட்டைத் தைக்கும் சைடு ஆபரேஷனுக்கு மாற்றுவதால் பயனில்லை. அதே கழுத்து, அதே தோள். உட்கார்ந்து தைப்பவரைச் சிறிது நேரம் நின்று செய்யும் செக்கிங்குக்கு மாற்றினால் பயனுண்டு. இங்கே குறுக்கே நிற்பது உடல் அறிவியல் அன்று, கூலி விகிதம். டைலரின் கூலி வேறு, செக்கிங் கூலி வேறு, உதவியாளரான கைமடியின் கூலி வேறு என்று இருக்கும்போது, மாறிப் போகிறவர் கூலியும் மதிப்பும் குறையுமோ என்று தயங்குவது இயல்பு. ஆளுக்கு உரிய கூலி, இடம் மாறினாலும் மாறாது என்று முதலில் எழுத்தில் உறுதி செய்யாத சுழற்சித் திட்டம் ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்காது.

## எட்டு மணி நேரத்துக்கு மேல்

தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 5 மணிக்கு மேல் போகாமல் அரை மணி இடைவேளை என்ற வரம்புகளை வைத்தது. திருப்பூரில் காலை 8.30க்குத் தொடங்கி இரவு 8.30 வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் பல காலமாகப் பழகிப்போன ஒன்று. 12 மணி நேரச் சட்டமுன்வடிவின்போது, வாரத்தின் மொத்த நேரம் மாறாது, நான்கு நாளில் வேலை முடிந்துவிடும், ஆகவே உடலுக்குக் கூடுதல் பளு இல்லை என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. தசைக் களைப்பு வாரக் கணக்கில் கூட்டிக் கழிப்பதில்லை என்பதை அந்த வாதம் கவனிக்கவில்லை. ஒன்பதாவது மணியில் தைக்கும் பீஸும் முதல் மணியில் தைக்கும் பீஸும் உடலுக்கு ஒன்றல்ல. களைத்த பிறகு சேரும் ஒவ்வொரு மணியும் மீள்வதற்குக் கூடுதல் நேரம் கேட்கிறது.

துணி ரோலுக்கு மேலே பயன்படுத்திய சமன்பாட்டில் வேலை நேரத்துக்கு மூன்று நிலைகளே உள்ளன: ஒரு மணி வரை, இரண்டு மணி வரை, எட்டு மணி வரை. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது. ஆகவே எட்டு மணி நேரத்துக்குப் பாதுகாப்பானது என்று கணக்கிட்டு அமைத்த மேசையையும் தாங்கியையும் காட்டி, ஒன்றரை ஷிப்டும் பாதுகாப்பானது என்று எந்தத் தொழிற்சாலையும் சான்று காட்ட முடியாது. ஆர்டர் நெருக்கடியால் நேரம் நீளும் நாள்களில், மாலைத் தேநீருக்குப் பிறகு மணிக்கான இலக்கைக் குறைப்பதும், தூக்கும் வேலையை அதுவரை தூக்காதவரிடம் மாற்றிக் கொடுப்பதும், அந்த நேரத்தில் தைத்த பீஸ்களில் ஆல்டர் (பிழையால் மறுதையலுக்குப் போகும் பீஸ்) எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து வைப்பதும் உடனே செய்யக்கூடியவை. அந்தத் தனிக்குறிப்பு சில வாரங்கள் சேர்ந்தால், கூடுதல் நேரத்தில் தைத்தவற்றில் எவ்வளவு மறுதையலுக்குப் போகிறது, அதற்கான கூலியையும் கழித்தபின் அந்தக் கூடுதல் நேரத்தில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்பதை நிர்வாகம் தன் சொந்தப் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.